எங்கள் மலையில் யாருக்கெல்லாம் தனியாக வாழ அனுமதி?

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் ஒரு வெளிநாட்டுப் பெண் தனியாக வீடு எடுத்துத் தங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு ஒருவர் பெருமாள்மலைப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி, மண் வீடு கட்டி, ஒண்டிக்கட்டையாக வாழ்ந்தால் அவரைப் பேட்டி எடுக்க யூடியூப் சேனல்காரர்கள் மலையேறி வருகிறார்கள். டீக்கடையில் அவருக்கு 'சார்' என்று மரியாதை. இதே மலையில் பிறந்த ஒரு பெண் "எனக்குக் கல்யாணம் வேண்டாம், என் பங்கு நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லட்டும். அவளுக்கு உடம்பில் கோளாறா, மனசில் கோளாறா என்று ஊரே கூடிப் பேசும்.

என் அத்தையை வைத்துத்தான் சொல்கிறேன். அப்பாவின் கடைசித் தங்கை. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், காப்பியும் மிளகும் கொஞ்சம் மலைவாழையும் உள்ள தோட்டம். அறுபதை நெருங்கிவிட்டார். இன்றைக்கும் ஊருக்குள் அவர் பேச்சு வந்தால் "அது ஒரு மாதிரி" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். மீதியைக் கேட்பவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

அவர் அப்படி என்ன செய்துவிட்டார்? காதல் தோல்வி என்று ஒரு கதை உலவுகிறது, ஜாதகக் கோளாறு என்று இன்னொன்று. இரண்டுமே கிடையாது. வேண்டாம் என்றார், அவ்வளவுதான். ஒரு பெண் காரணம் எதுவும் காட்டாமல் வேண்டாம் என்று சொல்வதை நம் ஆட்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு துயரக் கதையாவது இருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள்.

இதில் நிலமும் இருக்கிறது, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. நம் 1989 சட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தாது. மூத்த அத்தைகள் இருவருக்கும் அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. கடைசி அத்தைக்கு ஆகவில்லை. நல்லபடியாகச் சீர் செய்து அனுப்பிவிட்டால், அப்படியே 'என் பங்கு எனக்கு வேண்டாம்' என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிற கணக்கு. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். அவர் கையெழுத்தும் போடவில்லை, கழுத்தையும் நீட்டவில்லை. அன்றைக்கு ஒட்டிய 'திமிர் பிடித்தவள்' என்ற பெயர் இன்னும் உதிரவில்லை.

அவர் வாழ்க்கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதிசயமாக ஒன்றும் இருக்காது. தை மாதத்தில் போனால் களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். தாத்தாவின் பழைய ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், வெறுங்காலால் பழத்தைத் தள்ளித் தள்ளிப் புரட்டிவிட்டுக்கொண்டிருப்பார். நடுநடுவே ஒரு கைப்பிடி எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் வெயில் வேண்டும். மேகம் இறங்கினால் தார்ப்பாயை இழுத்து மூடுவார். சாயங்காலம் ரோட்டுக்கு இறங்கி டீக்கடைக்குப் போவார். அங்கேதான் ஊருக்குப் பிரச்சினை. வீட்டுப் பெண்கள் டீயைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்கள், பெஞ்சில் உட்கார மாட்டார்கள். இவர் உட்காருவார். "பார்சலா அக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். "இல்லப்பா, கிளாஸ்லயே குடு. உக்காந்துதான் குடிப்பேன்." நான் சிறுவயதில் கூடப் போகும்போதும் இதே கேள்வி, இதே பதில். போன தடவை போனபோதும் அதேதான். பெஞ்சில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள், சிலர் எழுந்தே போய்விடுவார்கள். அவர் ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த ஒரு கிளாஸ் டீக்காக இத்தனை வருஷம் அவர் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

"தனியா வாழறதெல்லாம் நம்ம பழக்கமா? எல்லாம் வெளியிலேர்ந்து வந்தது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எது நம்ம பழக்கம்? நம் முன்னோர்கள் நிலம் தேடி மலையேறி வருவதற்கு முன்பே இந்தக் காடுகளில் இருந்தவர்கள் பளியர் பழங்குடியினர். அவர்களோடு 1960-களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் திரும்பத் திரும்பப் பதிவு செய்தது ஒரு விஷயத்தை: ஒருவர் மீது இன்னொருவர் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் அவமரியாதையாகக் கருதினார்கள். புருஷன் பெண்டாட்டி ஆனாலும், பெற்றவர் பிள்ளை ஆனாலும் அப்படித்தான். மனஸ்தாபம் வந்தால் விலகிப் போய்விடுவார்கள், கட்டிப் போட ஆள் கிடையாது. பளியர் வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்கள் வந்தபிறகு அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. அடுத்தவரை அவர் போக்கில் விடுவது இந்த மண்ணுக்குப் புதுசு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பில் உலகப் பெயர் பெற்ற வீரராகவன் - கிரிஜா தம்பதி ஒரு புது ரகத்தை உருவாக்கி அதற்கு இ.கே.ஜானகி அம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஜானகி அம்மாள் யார்? 1897-ல் தலச்சேரியில் பிறந்த தாவரவியல் விஞ்ஞானி. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அதை விட்டுவிட்டு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். 1931-ல் டாக்டர் பட்டம். நம் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி. 1977-ல் பத்மஸ்ரீ. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பூவின் படத்தை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து 'நமக்குப் பெருமை' என்று எழுதியவரும், அத்தை வந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து போகிறவரும் ஒரே ஆள்.

ஜானகி அம்மாளுக்குச் செய்த மரியாதையில் எனக்குப் பூரண சந்தோஷம். வீரராகவனும் ஐஏஎஸ் பதவியைப் பாதியில் விட்டுவிட்டு ரோஜாவுக்காக மலைக்கு வந்தவர்தான், அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. பட்டம் வாங்கினால், விருது வாங்கினால், பேட்டி வந்தால் மட்டும் ஊரை எதிர்த்து நின்றவரை மன்னிக்கிறோம். ஒன்றும் சாதிக்காமல், காப்பி காயவைத்து, மிளகு பறித்து, தன் பாட்டுக்கு இருக்கிறவரை மன்னிப்பதில்லை.

2018-ல் கஜா புயல் வந்து மரங்கள் ரோட்டை மறித்துக் கிடந்தபோது அத்தை யார் யாருக்கு என்னென்ன செய்தார் என்று என்னால் ஒரு பக்கம் எழுத முடியும். எழுத மாட்டேன். உதவி செய்தார், அதனால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவருக்காகச் சிபாரிசு கேட்க எனக்கு விருப்பமில்லை. யாருக்கும் எதுவும் செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த பெஞ்சில் உட்கார அவருக்கு உரிமை உண்டு.

சரி, இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், திருவிழா வருகிறது. எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி வசூலித்துத்தான் சாமி கும்பிடுவது. கல்யாணமான ஆம்பளை இருந்தால் ஒரு தலைக்கட்டு. அத்தை தனி வீட்டில், தனி ரேஷன் கார்டில், தன் பெயர்ப் பட்டாவில் இருக்கிறார், ஆனால் வரி நோட்டில் அவர் இல்லை. அவரிடம் வரி கேட்டு யாரும் வருவதில்லை. அவராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் 'நன்கொடை' என்று என் அப்பா பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். வரி கொடுக்காதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை, கோயிலில் பங்குப் பிரசாதமும் இல்லை. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டமும் அதுதான் என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இந்த வருஷம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரப்போவது என்னோடு படித்த தம்பிகள்தான். பாதிப் பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அத்தை வீட்டு வாசலிலும் நில்லுங்கள். எல்லோரிடமும் வாங்குகிற அதே தொகையைக் கேளுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ரசீதில் அவர் பெயரை எழுதுங்கள். விதவையாகத் தனியே இருக்கும் அக்காக்கள் மேலத்தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கும் போங்கள். பெரியவர்கள் சத்தம் போட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து பேசுகிறேன்.