சராசரி வேகம் 50 அல்ல, 48

"போகும்போது மணிக்கு 60 கி.மீ., வரும்போது 40 என்றால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும், சராசரி 50" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு இப்படிச் சொல்லித் தந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

ஒருவழித் தூரம் 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 2 மணி நேரம், திரும்பி வர 3 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். வகுத்தால் 48தான். மெதுவாக வந்த பயணம் ஒரு மணி நேரம் கூடுதலாக இழுத்ததே, அதுதான் சராசரியைக் கீழே இறக்குகிறது. இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓடியிருந்தால் 50 சரி.

சூத்திரம் பிறகு வரட்டும். முதலில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே போக ஆன நேரத்தையும், கோட்டுக்குக் கீழே திரும்பி வர ஆன நேரத்தையும் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.