சினிமாவில் யாருமே மேப் படிப்பதில்லை

சாகசப் படம் என்றால் இன்றைக்கும் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அதில் வரும் மேப்புகள் மேல் எனக்கு ஒரு தீராத புகார். எல்லோரும் அதற்காகச் சண்டை போடுகிறார்கள், திருடுகிறார்கள், உயிரை விடுகிறார்கள். படிப்பதுதான் இல்லை.

எப்படி இருக்கும் அந்த மேப்? ஓரமெல்லாம் கருகி, டீயில் முக்கி எடுத்த நிறத்தில் இருக்கும் (நிஜமாகவே டீயில் முக்கித்தான் காகிதத்தைப் பழசாக்குவார்கள்). நடுவில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. வடக்கு எது என்று ஹீரோ பார்க்க மாட்டார். எத்தனை மைல் என்று கணக்கு போட மாட்டார். இரண்டு விநாடி முறைத்துவிட்டு "இந்தப் பக்கம்" என்று கிளம்பிவிடுவார். முந்நூறு வருடத்துக்கு முன் போட்ட மேப்பும் சமர்த்தாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதற்கெல்லாம் மூலம் ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் என்பார்கள். பாவம், அவர் இப்படிச் செய்யவில்லை. 1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமரில், மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மனைவியின் முதல் திருமணத்து மகனோடு விளையாட்டாக ஒரு தீவை வரைந்தார். கதை அதற்குப் பிறகுதான் வந்தது. கதையில் வரும் மேப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை, கரையோரம் கடல் எவ்வளவு ஆழம், குன்றுகள், விரிகுடாக்களின் பெயர்கள், எல்லாம் உண்டு. சிவப்புச் சிலுவைக் குறியும் ஒன்றல்ல, மூன்று. புதையலுக்கு வழி என்று எழுதியிருப்பது உயரமான ஒரு மரம், ஒரு குன்றின் சரிவு, அங்கிருந்து திசைக் கணக்கு. காம்பஸ் பார்க்கத் தெரியாதவன் கையில் அது வெறும் காகிதம். அத்தனையும் பார்த்துப் போய்ச் சேர்ந்தால் குழி காலி. தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் முன்பே தோண்டி வேறிடத்துக்கு மாற்றிவிட்டான்! இவ்வளவு அழகான சமாச்சாரத்திலிருந்து சினிமா எடுத்துக்கொண்டது அந்தச் சிவப்புக் குறியை மட்டும்.

'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தில் விமானம் பறக்க, திரையில் மேப் மேல் சிவப்புக் கோடு ஓடுமே, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது ஹீரோ இந்தியானா ஜோன்ஸ் பார்க்கிற மேப் இல்லை, நமக்காகப் போட்டது. கதை நடப்பது 1936-ல். ஆனால் அந்த மேப்பில் தாய்லாந்து என்று போட்டிருக்கும். அந்தப் பெயர் வந்ததே 1939-ல், அதுவரை சயாம். அது கிடக்கட்டும். எனக்கு இடிப்பது வேறு. 1935-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக்கைக் கடக்கக் கிளம்பிய முதல் தபால் விமானம், ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவு தீவாக இறங்கி ஏறி மணிலா போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது. படத்தில் பாப்கார்னை வாயில் போடுவதற்குள் பசிபிக் முடிந்துவிடுகிறது.

நிஜக் கொள்ளையர்கள் புதையலைப் புதைத்து மேப் போட்டு வைத்ததெல்லாம் அநேகமாகக் கதைதான். கேப்டன் கிட் 1699-ல் நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவில் கொஞ்சம் புதைத்தார். சீக்கிரமே அதிகாரிகள் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

மேப்புக்கும் கொள்ளையருக்கும் உண்மையான சம்பந்தம் வேண்டுமென்றால் ஆங்கிலக் கடற்கொள்ளையர் பார்த்தலோமியூ ஷார்ப் கதையைப் படியுங்கள். 1681-ல் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ரொசாரியோ என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடிக்கிறார்கள். உள்ளே ஒரு மேப் புத்தகம். துறைமுகம் துறைமுகமாக, எங்கே பாறை, எங்கே நங்கூரம் போடலாம், எவ்வளவு ஆழம் என்று அந்தக் கரை முழுவதும் அதில் இருந்தது. ஸ்பெயின் யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்த சரக்கு. ஸ்பானியர்கள் அதைக் கடலில் எறியப் போக, ஷார்ப் பாய்ந்து பறித்தார். அவர்கள் அழுதார்கள் என்று ஷார்ப்பே எழுதி வைத்திருக்கிறார்.

அதே கப்பலில் சுமார் 700 உலோகக் கட்டிகள் கிடந்தன. தகரம் என்று நினைத்து, தோட்டா வார்க்க ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். அத்தனையும் வெள்ளி!

ஊர் திரும்பியதும், ஸ்பெயினின் வற்புறுத்தலால் ஷார்ப் மேல் வழக்கு நடந்தது. தூக்குமேடைக்குப் போக வேண்டிய ஆள் 1682-ல் விடுதலை. வில்லியம் ஹேக் என்பவர் அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வண்ணத்தில் பிரதி எடுக்க, அது இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் போனது. அந்த மேப்புதான் ஷார்ப்பைக் காப்பாற்றியது என்று பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

வெள்ளியை அடையாளம் தெரியாத கும்பலுக்கு, மேப்பின் மதிப்பு மட்டும் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. அந்தக் கடலில் மேப் இல்லாமல் ராத்திரி கப்பல் ஓட்டியவர்களுக்குத் தெரியாதா பின்னே? அந்தப் பயம் ஒரு காட்சியிலாவது வந்தால் போதும், டீக்கறை மேப்பை எல்லாம் மன்னித்துவிடுவேன்.

ஹீரோ மேப்பை விரித்து உட்கார்ந்து, தப்பாகப் புரிந்துகொண்டு, திரும்ப முதலிலிருந்து பார்க்கிற படம் ஏதாவது தெரிந்தால் கமென்ட்டில் போடுங்கள். எந்த மொழியானாலும் பரவாயில்லை. கூகுள் மேப் வரும் படம் வேண்டாம்.