கொஸ்டெலிச் வீட்டுப் பிள்ளைகள்

பனிச்சறுக்கு வீராங்கனை யானிட்சா கொஸ்டெலிச் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "விளையாட்டுக் குடும்பம், ரத்தத்திலேயே ஊறியிருக்கு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்பா அன்டே, அம்மா மரிட்சா இருவரும் ஆடியது ஹேண்ட்பால். கூரைக்குக் கீழே, சமதரையில் ஆடுகிற ஆட்டம். பனிமலையில் தலைதெறிக்க இறங்குவதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

ஊர் குரோஷியாவின் சாக்ரெப். பக்கத்திலிருக்கும் ஸ்லெமே மலை 1,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பனிச்சறுக்கில் ஆஸ்திரியாவுக்கு இருந்த பணமோ பயிற்சியாளர் பட்டாளமோ இவர்களுக்கு இல்லை. போதாக்குறைக்கு 1991இல் போர் வேறு. மகன் இவிட்சாவுக்கும் மகள் யானிட்சாவுக்கும் பயிற்சியாளர் அப்பாதான். ஹோட்டலுக்குக் காசில்லாமல் காரிலும் கூடாரத்திலும் படுத்தெழுந்து போட்டிக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த இடம் வந்ததும் "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்று உருகுகிறோம். உருகலாம், தப்பில்லை. வீரர்களின் உடம்பை எப்படித் தயார்படுத்துவது என்பது அன்டேவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் பயிற்சி மகா கடுமை. எனக்கு அந்தப் பெண்ணின் முழங்கால்தான் ஞாபகம் வருகிறது. 1999 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விழுந்து மூட்டு ஜவ்வு கிழிந்தபோது அவருக்கு வயது 17. அடுத்த குளிர்காலத்திலேயே திரும்பி வந்து, பருவம் முழுக்க நடக்கும் உலகக்கோப்பைப் போட்டிகளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கிடைக்கும் ஒட்டுமொத்தப் பட்டத்தை வாங்கினார்.

அப்புறம் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். கம்பைண்ட், ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் மூன்றிலும் தங்கம், சூப்பர்-ஜியில் வெள்ளி. ஸ்லாலம் என்றால் நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்குவது. ஜயன்ட் ஸ்லாலத்திலும் சூப்பர்-ஜியிலும் கம்பங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், வேகம் கூடும். வேகப் போட்டியையும் ஸ்லாலத்தையும் சேர்த்தது கம்பைண்ட். அந்த வெள்ளியும் 0.05 வினாடியில் நழுவிய தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் ஆல்பைன், அதாவது மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் போட்டிகளில் நான்கு பதக்கம் என்பதை அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் செய்ததில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் குரோஷியா கண்ட முதல் பதக்கங்களும் இவைதான்.

2003-04 பருவம் முழுக்கப் போச்சு. முழங்காலில் மறுபடி கத்தி, கூடவே தைராய்டு அறுவைசிகிச்சை. திரும்பி வந்த வருடம் இத்தாலியின் பொர்மியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தங்கம். உலகக்கோப்பைப் பட்டத்தை மட்டும் வெறும் 3 புள்ளியில் ஸ்வீடனின் அன்யா பார்சனிடம் விட்டார். 2006இல் அதையும் திரும்பப் பிடித்தார். 2007இல் ஓய்வு. வயது 25! இந்த விளையாட்டில் பலர் அந்த வயதுக்குப் பிறகுதான் உச்சத்தைத் தொடுகிறார்கள். அப்பாவின் பிடிவாதத்தைப் புகழ்கிறவர்கள் இந்த 25ஐயும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, அண்ணனுக்கு வருவோம். 2001 நவம்பர், அமெரிக்காவின் ஆஸ்பெனில் ஸ்லாலம். இவிட்சா இறங்க வேண்டிய வரிசை எண் 64. ஸ்லாலம் பார்க்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். முதலில் இறங்குகிறவர்களுக்குத் தடம் வழுவழுப்பாக இருக்கும். ஒவ்வொரு கம்பத்தின் ஓரத்திலும் அவர்களுடைய பலகை விளிம்பு பள்ளம் பறித்துவிட்டுப் போகும். 64ஆவது ஆள் அந்தக் குண்டும் குழியுமான வழியில்தான் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். முதல் சுற்றில் முதல் 30க்குள் வந்தால்தான் இரண்டாவது சுற்றே உண்டு. இவிட்சா வந்தார், போட்டியையும் ஜெயித்தார். 2003இல் அதே செயின்ட் மோரிட்ஸில் அண்ணன், தங்கை இருவருமே ஸ்லாலம் உலக சாம்பியன்கள்.

ஒலிம்பிக்கில் யானிட்சாவுக்கு 4 தங்கம், 2 வெள்ளி. இவிட்சாவுக்கு 4 வெள்ளி, தங்கமே இல்லை. அவருக்கும் முழங்காலில் ஏகப்பட்ட அறுவைசிகிச்சைகள். ஆனாலும் 2011இல் உலகக்கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம் வாங்கி, 2017 வரை இறங்கிக்கொண்டிருந்தார். தங்கத்தை மட்டும் எண்ணி அவரைத் தங்கையின் நிழல் என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டைக்குத் தயார்.