ரோட்டில் ஏன் ஓடினாள் என்று கேட்கும் பெரியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்து லைவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். எனக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் 'அருமையான பேச்சு' என்று கைதட்டும் பொம்மை வேறு போட்டிருந்தார்கள். ஆகவே இருட்டோடு ரோட்டோரம் ஓடிப் பயிற்சி எடுத்த நம்ம தோட்டத்துப் பிள்ளையை ஒரு வேன் அடித்துக் கொன்ற கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்லப் போவதில்லை. பெயர்களும் போடப் போவதில்லை. பிள்ளையின் பெயரைப் போட்டால் அன்றைக்கு ரோட்டோரக் கானுக்கு, அந்த வடிகாலுக்குப் பக்கத்தில் எடுத்த அந்தப் படத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.

கூட்டத்தில் பேசிய ஐயா நன்றாகத்தான் பேசினார். குரல் இருக்கிறது, குறள் தெரிகிறது, எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு விழும் என்பதும் தெரிகிறது. பெண் பிள்ளைகள் இருட்டோடு ரோட்டுக்கு இறங்கக் கூடாது என்றார். ஓடுவதென்றால் மைதானத்தில் ஓட வேண்டும் என்றார். பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்றார். முன்வரிசையில் பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். யாரோ கையில் திணித்த சோடாப் போத்தலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் 'பெற்றோர் கண்காணிக்க வேண்டும்' என்கிறார். சபை கைதட்டுகிறது.

முழுப் பேச்சையும் திரும்பப் போட்டுக் கேட்டேன். வேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிள்ளையைப் பற்றிப் பேசினார், தாயைப் பற்றிப் பேசினார், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் போனைப் பற்றிப் பேசினார், பனியைப் பற்றிக்கூடப் பேசினார். ரோடு வளைகிற முடக்கில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வேனைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிள்ளை தானாக விழுந்து செத்தது போல ஒரு நினைவுக் கூட்டம்.

சரி, அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அவள் வலது பக்க ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கானை ஒட்டி ஓடினாள். எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்களே, அதேபோல. வேன் எதிரே வரவில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்தது. முந்தக் கூடாது என்று நடுவில் தொடர்கோடு போட்ட முடக்கில், பஸ்ஸை முந்துவதற்காகத் தன் பக்கத்தை விட்டுவிட்டு அவளுடைய பக்கத்துக்கு ஏறி வந்தது. அவள் சட்டப்படி நின்ற இடத்துக்கு அவன் சட்டத்தை மீறி வந்தான். இதற்கு மேல் அவள் என்ன செய்திருக்க வேண்டும்? முதுகில் கண் வைத்துக்கொண்டு பிறந்திருக்க வேண்டுமா?

இயர்போன் கதைக்கு வருகிறேன். 'காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடினாளாம்.' யார் பார்த்தது? சாவு வீட்டில் அவளுடைய அண்ணனிடம் கேட்டேன். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அது அந்த நேரம் காம்பராவுக்குள் சார்ஜில் கிடந்தது. திரை வெடித்து, ரப்பர் பட்டி போட்ட போன். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில்தான் அவளுடைய ஸ்பைக்ஸ் சப்பாத்தும் தொங்கியது. போட்டிக்கு மட்டும் போடுவாளாம். தினசரி ஓட்டத்துக்கு அடி தேய்ந்த கன்வஸ். இந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து இயர்போன் கதையை எழுதுங்கள், நான் லைக் போடுகிறேன்.

அடுத்தது, 'டிரைவர்மாரின் கஷ்டம் உனக்குத் தெரியுமா?' இதைக் கேட்டவர் என் பதிவுகளுக்குப் புதிது போல. என் அப்பா தனியார் பஸ் ஓட்டியவர். ஹட்டன் கொழும்பு லைன். லீவு நாட்களில் எஞ்சின் மூடிக்கு மேல் சாக்கைப் போட்டு என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போவார். வட்டவளை தாண்டுவதற்குள் பின்பக்கம் வெந்துவிடும். டைம் கீப்பர் கத்துவதையும், பின்னால் வரும் பஸ் நம்முடைய டைமைத் தின்பதையும், அந்திக்கு முதலாளியிடம் காசு எண்ணிக் கொடுக்கும்போது அப்பாவின் முகம் போகும் போக்கையும் அந்த மூடிக்கு மேல் இருந்துதான் பார்த்தேன்.

அதே மனிதர் கினிகத்தேனை இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினாரோ அந்தக் கியரில்தான் இறக்குவார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனர் சூடேறி ஒரு கருகல் மணம் வரும். முன்னால் போகும் வண்டியில் அந்த மணம் வந்தால் அந்த டிரைவரின் பரம்பரையே ஏச்சு வாங்கும். முடக்கில் ஏறி வரும் வண்டிக்கு நின்று வழி விடுவார். ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனால், எதிரே என்ன வருகிறது என்று தெரியாவிட்டால், பஸ்ஸை அப்படியே நிறுத்திவிடுவார். பின்னாலிருந்து கண்டக்டர் மாமா, 'அண்ணே, டைம் போவுது' என்று தட்டுவார். அப்பா திரும்பிப் பார்க்காமல், 'நீ எறங்கி ஓடிப் போயிரு, நான் பின்னால வாறேன்' என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

இதனால் அப்பாவுக்கு யாரும் மாலை போடவில்லை. ஓட்டம் போதாது என்று முதலாளி பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். ஆக, டிரைவர்மாருக்கு நெருக்கடி இருக்கிறது என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. ஆனால் இந்த வேனுக்கு எந்த டைம் கீப்பர்? எந்த முதலாளி? சொந்த வேன், உள்ளே ஆள் இல்லை, ஹயர் முடித்து வீட்டுக்குத் திரும்புகிற வேன். போய்ப் படுக்கிறதைத் தவிர வேறு வேலை இல்லாதவனுக்கு எதற்கு அந்த முடக்கில் அந்த அவசரம்?

'அவனும் நம்ம பிள்ளைதானே, அவன் வாழ்க்கையும் போச்சு' என்பவர்களுக்கு என்ன சொல்வது? ஆமாம், நம்ம பிள்ளைதான். திருவிழாவுக்கு அன்னதானம் கொடுக்கிறான், சாவு வீட்டுக்குச் சும்மா வேன் விடுகிறான், எனக்கும் தெரிந்தவன்தான். அவனுடைய அம்மா அழுததையும் பார்த்தேன். பிணை கிடைத்தது சட்டப்படிதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை என்று இருக்கிறது. தீர்ப்பை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் அவனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. அவன் செய்ததை அவன் செய்ததாகச் சொல்லுங்கள் என்கிறேன். பிணையில் வந்த அன்று 'சோதனை விலகியது தம்பி, முருகன் துணை' என்று ஸ்டேட்டஸ் போட்டீர்களே, யாருக்கு யார் கொடுத்த சோதனை அது?

ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மேல்தான் நமக்கு எப்போதும் இரக்கம் பொங்கும். 2020 ஜூலையில் பாணந்துறையில் தேசிய அணிக் கிரிக்கெட் வீரர் ஒருவரின் வாகனம் மோதி, சைக்கிளில் போன 64 வயது மனிதர் இறந்தார். அன்றைக்கு எங்கள் கடைச் சந்தியில் பெரிய விவாதம், அடுத்த தொடருக்கு அந்த வீரர் இருப்பாரா மாட்டாரா என்று. செத்துப் போனவரைப் பற்றிப் பேச ஆளில்லை.

இன்னொன்று. 2023 ஜனவரி 20 நானுஓயா ரதெல்லை குறுக்கு ரோட்டில் பஸ் வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் போனார்களே, வேனில் இருந்தவர்கள் நம்ம ஹட்டன் பக்கத்து ஆட்கள். அன்றைக்கு 'இருட்டில் ஏன் பயணம் போனார்கள்' என்று யாராவது கேட்டீர்களா? இல்லை. அந்தப் பஸ்ஸை அந்த ரோட்டில் விட்டது யார், பிரேக் என்ன ஆனது என்று கேட்டீர்கள். 2025இல் கொத்மலை கரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்தபோதும் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்டீர்கள். அந்த வருடமே செப்டெம்பரில் எல்ல வெல்லவாய ரோட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தபோதும் பஸ்ஸைப் பற்றித்தான். சரியான கேள்விகள். இப்போது ஒரே ஒரு பிள்ளை, அதுவும் தோட்டத்துப் பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை. உடனே கேள்வி செத்தவளிடம் போய்விட்டது.

'மைதானத்தில் ஓடியிருக்கலாமே.' எந்த மைதானத்தில், ஐயா? தோட்டத்துக் கிரவுண்டைச் சொல்கிறீர்களா? அதில் ஒரு சுற்று 200 மீற்றர்கூட வராது. ஒரு பக்கம் தேயிலைக்குள் சரிந்து போயிருக்கிறது, மழைக்கு நாற்று நடலாம். 5,000 மீற்றர் ஓடுகிறவள் அதில் 25 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். சுற்றிப் பாருங்கள், மயங்கி விழுவீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், அவள் முதலில் அங்கேதான் ஓடினாள். 'பொடியன்மார் கிரிக்கெட் அடிக்கிற இடத்துல பொம்பளப் புள்ளைக்கு என்ன வேல?' என்று கேட்டது யார்? வெளியூர்க்காரர்களா? ஞாயிற்றுக்கிழமை கைதட்டிய அதே சபைதான். கிரவுண்டில் இருந்து ரோட்டுக்கு விரட்டியவர்களே இப்போது ரோட்டில் ஏன் ஓடினாள் என்று கேட்கிறார்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறது.

'தோட்டத்து ரோட்டில் ஓடியிருக்கலாமே' என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அக்கா, அந்த ரோட்டில் கொழுந்து லொறியே நொண்டிக்கொண்டுதான் வருகிறது. விடியற்காலையில் சிறுத்தை நடமாட்டம், மரத்துக்கு மரம் குளவிக் கூடு. அதில் கணுக்கால் பிசகினால் மாகாணப் போட்டி போச்சு.

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க ரோட்டில்தான் ஓடுகிறார்கள். கென்யாவில் இட்டென் என்று 2,400 மீற்றர் உயரத்தில் ஓர் ஊர். பெரிய பெரிய மரதன் ஓட்டக்காரர்கள் விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக அங்கே ரோட்டிலும் செம்மண் பாதையிலும் ஓடுகிறார்கள். நுவரெலியாவும் 1,868 மீற்றர். இந்த மூச்சும் இந்த ஏற்றமும் நமக்குச் சும்மா கிடைத்தவை. நம்மிடம் இருந்த ஒரே வசதி அதுதான், அதையும் அவள் பயன்படுத்தியது தப்பாகிவிட்டது. அப்புறம், பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மரதன் ஓட்டம் எந்த ரோட்டில் ஓடுகிறீர்கள்? அன்றைக்குத் தோடம்பழமும் குளுக்கோசும் வைத்துக்கொண்டு வாசலில் நின்று 'ஓடு, ஓடு' என்று கத்துகிறீர்களே, அந்த ரோடு வேறு ரோடா? போன வருடம் அவள் முதலாவதாக வந்தபோது ஐயாவும் மாலையோடு பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார். இன்னும் அவருடைய பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அழிப்பதற்குள் பாருங்கள்.

விதி என்பவர்களுக்குப் பதில் இல்லை. விதிக்கு லைசன்ஸ் கிடையாது, அதை யாரும் ரத்துச் செய்ய முடியாது. அதனால்தானே உங்களுக்கு விதியை இவ்வளவு பிடிக்கிறது.

2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். காட்டு வழியில் விழுந்து செத்தவர்களுக்காக நடந்தோம், கால் கொப்பளிக்க நடந்தோம், பேசினோம், அழுதோம். இந்த மலையில் ரோடு வெட்டியது நாங்கள், ரயில் பாதை போட்டது நாங்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஐயாவும் சொல்லியிருக்கிறார், நல்ல குரலில். அந்த ரோட்டின் ஓரத்தில், கானுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை அடியில் எங்கள் பிள்ளை ஓடினால், 'உனக்கு அங்கே என்ன வேலை' என்று கேட்பதும் நாங்கள்தான். தோட்டத்துத் துரைமார் கேட்டால் கொடி பிடிப்போம். நம்ம ஆள் கேட்டால் கைதட்டுவோம்.

எங்கேயோ போய்விட்டேன். வேனுக்கு வருகிறேன். எல்லோரும் வேனை விட்டு எங்கேயாவது போய்விடுகிறோம், அதுதான் பிரச்சினை.

'நீ பிள்ளைகளை ரோட்டில் ஓடச் சொல்கிறாயா, நாளைக்கு இன்னொன்று நடந்தால் நீ பொறுப்பா?' என்று இன்பொக்ஸில் ஒருவர். இல்லை. அப்போதும் ஓட்டுகிறவன்தான் பொறுப்பு. வெளிச்சத்தில் ஓடட்டும், பளிச்சென்ற சட்டை போடட்டும், யாராவது சைக்கிளில் பின்னால் போகட்டும், எல்லாம் நல்லதுதான். அவளுக்குப் பயிற்சி கொடுத்த சேர் அந்த வாரம்தான் ஒளிரும் பட்டி வாங்கித் தர வேண்டும் என்று நினைத்திருந்தாராம், சொல்லிச் சொல்லி அழுகிறார். சேர், பட்டி போட்டிருந்தாலும் முதுகுப் பக்கம் வந்த வேன் முடக்கில் நின்றிருக்காது. நீங்கள் அழ வேண்டியதில்லை. அழ வேண்டியவர்கள் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பதிவுக்குக் கீழே ஏசுவதற்கு வருபவர்கள் தாராளமாக வாருங்கள். நான் ப்ளொக் செய்யப் போவதில்லை. 'விளம்பரத்துக்கு எழுதுகிறான்' என்று ஒருவர் எழுதுவார், யார் என்றுகூட எனக்குத் தெரியும். எழுதுங்கள் அண்ணே. எழுதும்போது வேன் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

போன தவணைக்கு நீதிமன்ற வாசலில் அந்தப் பக்கத்துக்கு இரண்டு வேன் ஆட்கள், அதுபோக ஓட்டோக்கள். இந்தப் பக்கம் அண்ணனும் சேரும் மட்டும். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்று அந்த அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். அடுத்த தவணை வருகிற மாதம். அம்மாவோடு வர முடிந்தவர்கள் இன்பொக்ஸில் பெயர் கொடுங்கள். பஸ் பேசுவது என் பொறுப்பு. அப்பாவோடு ஓடிய பழைய டிரைவர் ஒருவர் இருக்கிறார். மெதுவாகத்தான் வருவார், அதனால் எல்லோரும் ஒரு மணித்தியாலம் முன்கூட்டியே வந்துவிட வேண்டும்.