பெங் தெஹுவாய்க்கு நெளிவு சுளிவு தெரியாதாம்!

1959-இல் மாவோவிடம் குறை சொல்லிப் பதவியிழந்த சீனப் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாயைப் பற்றி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நேரலையில் பேசினார். பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அவருக்கு வியூஸ்தான் கூடும். "பெங் நல்ல தளபதிதான், ஆனால் நெளிவு சுளிவு தெரியாமல் தலைமையைச் சந்தி சிரிக்க வைத்தார், விழுந்தார்." இவ்வளவுதான் ஐயாவின் ஆய்வு.

சந்தி சிரிக்க வைத்தாரா? அவர் எழுதியது தனிக் கடிதம். 1959 ஜூலை 14, லூஷானில் நடந்த கட்சி மாநாட்டின்போது தலைவர் மாவோவுக்கு எழுதியது. அதிலும் 1958-இன் சாதனைகளைப் பாராட்டிவிட்டுத்தான் பெரும் பாய்ச்சலின் (தொழிலையும் விவசாயத்தையும் ஒரே தாவலில் பெருக்க மாவோ போட்ட திட்டம்) கோளாறுகளுக்கே வருகிறார். மக்களை வைத்து ஊரெல்லாம் போட்ட கொல்லைப்புற இரும்பு உலைகளில் வீணானது, ஊதிப் பெருக்கிய விளைச்சல் கணக்கு எல்லாம் அப்புறம்தான். இரண்டே நாளில் அதை அச்சடித்து மாநாட்டில் விநியோகிக்கச் செய்தவர் மாவோ. பெங் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், தனிக் கடிதம்.

யார் இந்த பெங்? ஹுனானில் வறுமையில் வளர்ந்தவர். 1928-இல் பிங்ஜியாங்கில் கலகம் செய்து கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனைக்கு வந்தவர். 1950-இல் இன்னொரு தளபதி லின் பியாவ் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கியபோது கொரியாவுக்குப் படை நடத்திப் போனவர். 1954-இல் பாதுகாப்பு அமைச்சர், 1955-இல் பத்து மார்ஷல்களில் ஒருவர். 1959-இல் அவரை இறக்கிவிட்டு அந்த அமைச்சர் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? அதே லின் பியாவை! நெளிவு சுளிவு தெரிந்தவர் அல்லவா. (1971-இல் தப்பி ஓடும்போது மங்கோலியாவில் விமானம் விழுந்து செத்தது வேறு கதை.)

"பெங்கும் 1958-இல் சக தளபதிகளான சு யூ, லியு போசெங் மீது பாய்ந்தவர்தானே?" சரி, பாய்ந்தார். தப்புதான். அதனால் லூஷானில் சொன்னது பொய்யாகிவிடுமா? "கொரியாவில் பெங்கின் படையில் இருந்த மகனைப் பறிகொடுத்த கோபம் மாவோவுக்கு" என்றும் கிளம்புவார்கள். மகன் இறந்தது 1950-இல். அமைச்சர் பதவியும் மார்ஷல் பட்டமும் அதற்குப் பிறகு வந்தவை. அடுத்து.

நானும் ஒரு கடிதம் எழுதியவன்தான். பழைய வேலையில், கிடங்குக் கணக்கு உதைக்கிறது என்று மேலாளருக்கு மட்டும், உறையில் போட்டு. அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டி, "சார் நமக்குப் பாடம் எடுக்கிறார்" என்றார். சிரித்தவர்களில் இருவர் என்னோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள். அப்புறம் டீக்கடையில் அவர்களே வந்து, "நேரம் பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அந்த வாக்கியம் இன்னும் எரிகிறது.

கிடங்கும் சீனாவில் வந்த பஞ்சமும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். எனக்குப் போனது ஒரு பதவி உயர்வு. அங்கே லூஷானுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல அதிகாரிகள் நடுங்கினார்கள். பொய்க் கணக்கை நம்பித் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள், கோடிக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நேரம் பார்க்க வேண்டுமாம், நேரம்!

பெங்கை 1966 கடைசியில் செங்டு நகரிலிருந்து செங்காவலர்கள் (மாவோவின் கலாச்சாரப் புரட்சி இளைஞர் படை) பிடித்து வந்தார்கள். பின்னர் விலா எலும்பு முறிய அடித்தார்கள். 1974 நவம்பரில் புற்றுநோயில் இறந்தபோது சாம்பலைக்கூட வேறு பெயரில்தான் வைத்தார்கள். களங்கம் துடைத்தது 1978 டிசம்பரில். இதைச் சாமர்த்தியக் குறைவு என்கிறவரோடு எனக்கு விவாதம் கிடையாது. இன்பாக்ஸில் "பதில் சொல்லுங்க தோழர்" என்று லிங்க் அனுப்புகிறவர்களும் அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.