மான்டேவெர்டேயில் நன்றியும் கொடையும்

கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மலையூரில் நன்றியும் கொடையும் எப்படி என்று நீங்கள் எழுதிய கட்டுரை, நன்றிக் கூட்டத்தைப் போதகர் நடத்துவதாகச் சொல்கிறது. இல்லை, அங்குள்ள குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்துக்குப் போதகரே கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். மனம் உந்தினால் ஒருவர் எழுந்து சுருக்கமாகப் பேசி அமர்வார். அடுத்தவர் உடனே எழக்கூடாது. சொன்னது உள்ளே இறங்கச் சில நிமிடங்களாவது வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்; இடைவெளி போனால் கூட்டம் அரட்டையாகிவிடும். கூட்டம் கைகுலுக்கலோடு முடியும்.

கொடை என்றதும் கட்டுரையில் சமையலை மட்டும் சொல்லி விட்டுவிட்டீர்களே! 1951இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்து குடியேறிய குவேக்கர்கள், வாங்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, ஆற்றின் ஊற்றுக்கண் காக்க, வெட்டாமல் காடாகவே விட்டார்கள். பால் மாடுகளை நம்பியிருந்தவர்களுக்கு அது மேய்ச்சல் நிலத்தை இழப்பது. என் பார்வையில் அதுவே ஆகப் பெரிய கொடை.