நீலமா எரிஞ்சா வெளிச்சமா?

ராத்திரி ரோடு தெரியலைன்னா உடனே பல்பை மாத்தணுமா? முதல்ல அந்த ஹெட்லைட் மூடியைப் பாருங்க! வெயில்ல மஞ்சளாகி மங்கிக் கிடக்கு. அதைப் பாலிஷ் போடாம உள்ளே எதைப் போட்டு என்ன?

கடையில நீட்டுறதோ நீலப் பூச்சு பல்பு. பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தானே நீலமாக் காட்டுது! மழையில ஈர ரோட்டைத் தேடிப் பிடிக்கணும்.

அடுத்தது 100/90 வாட் பல்பு: தூர வெளிச்சத்துக்கு (ஹை பீம்) 100, கிட்ட வெளிச்சத்துக்கு (லோ பீம்) 90. ரெண்டு பீமும் ஒரே பல்புல இருக்கிற எச்4 வகைக்கு ஹோல்டரும் ஒயரும் 60/55-க்குப் போட்டது. 12 வோல்ட்டுல 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர், 90 வாட்டுக்கு ஏழரை. ரிலேயும் (பேட்டரியிலேர்ந்து நேரா கரண்டை எடுத்துக் கொடுக்கிற ஸ்விட்ச்) தடிச்ச ஒயரும் இல்லாம மாட்டினா ஹோல்டர் பழுப்பேறி, இளகி, பல்போட உலோகக் காலோட ஒட்டிக்கும். கழட்டினா துண்டு துண்டாத்தான் கையில வரும்.

அதைவிடக் கொடுமை, ஹாலஜன் (கம்பி சூடாகி எரியிற) பல்புக்குச் செஞ்ச ரிஃப்ளெக்டருக்குள்ள, அதாவது வெளிச்சத்தை முன்னாடி திருப்புற கிண்ணத்துக்குள்ள, எல்.இ.டி.யைத் திணிக்கிறது. ரிஃப்ளெக்டரை வடிவமைச்சதே ஃபிலமென்ட், அதான் அந்த எரியிற கம்பி, நிக்கிற இடத்தை வெச்சு. கொஞ்சம் தள்ளினாலும் வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்துது. பம்பருக்கு முன்னாடி பளிச்சுன்னு இருக்கும், தூரத்துல இருட்டு. தூரத்துல தெரியத்தானே பல்பே மாத்துறோம்?

புது ஹாலஜனையும் விரலால கண்ணாடியில பிடிச்சே மாட்டுறாங்க. எண்ணெய்ப்பிசுக்கு பட்ட இடம் அதிகமா சூடேறி பல்பு சீக்கிரமே போயிடும். அடியில இருக்கிற தகரத்தைப் பிடிங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது!